குடை மடிக்கும் கைகள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்க் கவிதையில் குடைக்கு உயர்ந்த இடம் உண்டு. வேந்தனின் வெண்கொற்றக்குடை மண்ணுலகுக்கு நிழல் தந்தது. முழுநிலவோடு ஒப்புமை பெற்றது. ஆட்சியின் அருளுக்கே குறியீடாயிற்று. அந்தக் குடையைத் தைத்தவர் யார், வெயிலில் அதைத் தாங்கி நின்றவர் யார் என்ற வினாவின் பக்கம் புலவர் பார்வை பெரும்பாலும் சென்றதில்லை. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. நிழல் கண்ணுக்குத் தெரிகிறது, அதைத் தாங்கும் தோள் தெரிவதில்லை.

இந்த உரைக்குப் பொருளானது வேறொரு குடை. பாராசூட்டுக்குத் தமிழர் வைத்த பெயர் வான்குடை. அதைக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து பொழுதுபோக்காகக் குதிப்பவர்களின் துணிவைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் குதிக்கும் இடங்களில் நாள்தோறும் வேலை செய்து வயிறு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியல் எழுதுபவர், விமானம் ஓட்டுபவர், கற்றுத் தருபவர், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடை மடிப்பவர். அவர்களைப் பற்றியதே இவ்வுரை. இத்தொழில் பெரிய அளவில் வேரூன்றிய நாடு அமெரிக்கா. ஆகவே பேச்சும் அங்கேயே நிற்கும்.

1959இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆரஞ்சு என்னும் சிற்றூரில் ஜாக் ஆந்த்ரே இஸ்டெல் என்பவர் ஒரு மையத்தைத் தொடங்கினார். பாரிசில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர் அவர். அதுவரை வான்குடை பெரும்பாலும் போர்வீரனுக்கும் கண்காட்சிக் கலைஞனுக்கும் உரியதாக இருந்தது. சில மணி நேரப் பயிற்சி கொடுத்தால் கடைக்காரரும் கல்லூரி மாணவரும்கூடக் குதிக்கலாம் என்று காட்டியதே அந்த மையத்தின் புதுமை. விமானத்தோடு பிணைத்த நாடா ஒன்று, குதித்தவுடன் குடையைத் தானே இழுத்து விரித்துவிடும். 1962இல் உலகப் போட்டியே அந்த ஊரில் நடைபெற்றது. இன்று புளோரிடாவின் டிலேண்ட், அரிசோனாவின் இலாய், கலிபோர்னியாவின் பெரிஸ் ஆகிய ஊர்கள் இத்துறையில் பெயர் பெற்றவை.

இத்தகைய மையத்துக்கு அரண்மனை வேண்டாம். ஓர் ஓடுபாதை, விமானக் கொட்டகை ஒன்று, இறங்குவதற்கு அகன்ற வெளி, இவ்வளவே. முதலில் எதிர்ப்படுபவர் பட்டியல் எழுதுபவர். 'மேனிஃபெஸ்ட்' என்று அந்த மேசைக்குப் பெயர். பணம் பெறுவது, எடை குறிப்பது, யார் எந்தப் பயணத்தில் ஏறவேண்டும் என்று பிரிப்பது, இத்தனை நிமிடத்தில் விமானம் புறப்படும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முகில் சூழ்ந்த நாளில் காத்திருப்போரின் சினத்தை முதலில் வாங்கிக்கொள்பவரும் அவரே. முகிலை அவர் வரவழைக்கவில்லை என்பது யார்க்கும் நினைவிருப்பதில்லை.

விமானியின் நிலை தனித்தன்மை உடையது. பெரிய மையங்களில் பயன்படும் 'ட்வின் ஆட்டர்' விமானம் ஏறத்தாழ 22 பேரைச் சுமந்து சுமார் 13,000 அடி உயரம் ஏறும். அவர்கள் குதித்தபின் வெறும் விமானத்தோடு விரைந்து இறங்கி, பல வேளைகளில் எந்திரத்தை நிறுத்தாமலே அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொள்ளும். எங்கும் போய்ச் சேராத பயணம் இது; புறப்பட்ட இடத்துக்கே ஒரு நாளில் பலமுறை திரும்பிவருவது. விமான நிறுவன வேலைக்குப் பறந்த மணிக்கணக்கு வேண்டுமென்பதால் இளைஞர் பலர் குறைந்த ஊதியத்துக்கு இப்பணியை ஏற்கின்றனர். ஆயினும் பொறுப்பு குறைந்ததன்று. 2019 ஜூன் மாதம் ஹவாய்த் தீவொன்றில் குதிப்போரை ஏற்றிய விமானம் எழும்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 11 பேரும் மாண்டனர். வாடிக்கையாளரும் உண்டு, மையத்தின் பணியாளரும் உண்டு. முறைமீறிய வேகத்தோடு விமானத்தை எழுப்பித் திருப்பியதே காரணம் என்றும், கண்காணிப்புக் குறைவும் அதற்குத் துணைபோயிற்று என்றும் விசாரணை வாரியம் பின்னர் முடிவு கூறியது. குடை முதுகில் இருந்தும் பயனில்லை. குடை விரிய உயரம் வேண்டும்.

இனிப் பயிற்றுநர். முதன்முறை வருபவர் இன்று பெரும்பாலும் 'டாண்டம்' எனப்படும் இணைக்குதிப்பையே நாடுகிறார். பயிற்றுநரின் மார்போடு பிணைக்கப்பட்டு, ஒரே குடையில் இருவரும் இறங்கும் முறை அது. 1980களின் முற்பகுதியில் டெட் ஸ்டிராங், பில் பூத் ஆகியோரால் உருப்பெற்றது; பல ஆண்டுகள் சோதனை அனுமதியின் கீழ் நடந்து, 2001இல் அமெரிக்க விமானத்துறை விதிகளில் முறையாக இடம்பெற்றது. இணைக்குதிப்பை நடத்துபவர்க்குக் குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் 500 குதிப்புகளும் வேண்டுமென்பது விதி. இருவர் எடை சேர்ந்தால் வீழும் வேகம் மிகும் என்பதால், குதித்தவுடன் அவர் ஒரு சிறு குடையைப் பின்னால் விட்டு வேகத்தை மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் அளவில் நிறுத்துகிறார். முன்னால் பிணைந்திருப்பவர் பெயரையே அவர் அரைமணி நேரத்துக்கு முன்னர்தான் அறிந்திருப்பார். மாலைக்குள் அத்தகைய பல பெயர்களைக் கேட்டு மறந்திருப்பார். தலைக்கவசத்தில் ஒளிப்பதிவுக் கருவி பொருத்திக்கொண்டு உடன் குதிப்பவரும் ஒருவர் உண்டு. வாடிக்கையாளர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் ஓடப்போகும் படம் அவர் எடுத்தது. அப்படத்தில் அவர் மட்டும் இருக்கமாட்டார்.

இந்த இணைக்குதிப்பு வந்த பிறகுதான் குடை மடிப்பது தனித் தொழிலாகப் பெருகியது. தன் குடையைத் தானே மடித்துக்கொள்வது பழைய மரபு. தன் உயிர் தன் கையில் என்பதே அதன் பொருள். ஆனால் வாழ்வில் ஒருமுறை மட்டும் குதிக்க வருபவர்க்கு மடிக்கத் தெரியாது. பயிற்றுநர்க்கோ இறங்கியவுடன் அடுத்த பயணம் காத்திருக்கிறது. எனவே நடுவில் வேறொரு கை வேண்டியதாயிற்று.

கொட்டகையின் ஒரு பகுதியில் விரிப்பு விரித்த தரையில் முழந்தாளிட்டு வேலை செய்பவர்களே அந்தக் கைக்கு உரியவர்கள். வான்குடை என்ற சொல் கேட்டுக் காளான் வடிவை நினைப்பவர்க்கு ஒரு செய்தி: இக்காலக் குடை குடைபோல் இராது. 1960களில் டொமினா ஜால்பர்ட் வகுத்த அமைப்பின் வழிவந்தது அது. அறை அறையாகத் தைக்கப்பெற்று, முன்வாயில் காற்றை வாங்கி, இறகுபோல் விறைத்துப் பறக்கும் துணிச்சிறகு. இணைக்குதிப்புக் குடையாயின் 300 சதுர அடிக்கும் மிகுந்த பரப்பு. அவ்வளவு துணியும் முதுகில் சுமக்கும் ஒரு பொதிக்குள் அடங்கவேண்டும்.

மடிப்பவர் முதலில் கயிறுகள் முறுக்கின்றி வருகின்றனவா என்று விரலிடுக்கில் வைத்து நடந்தே பார்க்கிறார். துணியைத் தோளில் தொங்கவிட்டு, அறைகளின் வாயை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். கயிறுகளை வளையங்களால் கோத்து நிற்கும் 'ஸ்லைடர்' என்னும் சதுரத் துணியைக் குடையின் அடிவரை ஏற்றிவிடுகிறார். விரியும் குடை ஒரே நொடியில் வெடித்து விரிந்தால் எலும்பு முறியும். அந்தச் சதுரத் துணி மெல்ல இறங்கி வருவதால்தான் விரிதல் தாங்கத்தக்கதாகிறது. பிறகு வாற்பகுதியைச் சுற்றி, தரையில் கிடத்தி, முழங்காலால் அமுக்கிக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றுகிறார். காற்றை ஊடுருவவிடாத பூச்சுள்ள நைலான் புதிதாயிருக்கும்போது கையில் நிற்காது, மீன்போல் நழுவும். அதைப் பைக்குள் அடைப்பது துணியோடு மல்லாடுவதே. கயிறுகளை மடித்து மடித்து இரப்பர் வளையங்களில் செருகவேண்டும். நைந்த வளையத்தை மாற்றவேண்டும். தேர்ந்த கைக்கு இவையெல்லாம் பத்து நிமிட வேலை.

இதில் ஒரு சிறு செயலைத் தனியே சொல்லவேண்டும். பெருங்குடையை வெளியே இழுப்பது ஒரு முன்குடை. பெருங்குடை விரிந்தபின் முன்குடை தானே சுருங்கிவிடுமாறு நடுவில் ஒரு கயிறு அமைந்திருக்கிறது. மடிக்கும்போது அந்தக் கயிற்றை மீண்டும் இழுத்து ஆயத்தம் செய்யவேண்டும். மறந்தால் அடுத்தமுறை முன்குடை வெளியே போயும் காற்றைப் பிடிக்காது. கந்தல்போல் பின்னால் இழுபட்டு வரும். பெருங்குடை பொதியைவிட்டு அசையாமல் கிடக்கும். ஆயத்தம் செய்தாயிற்றா என்று காட்ட நாடாவில் ஒரு சிறு சாளரம் வைத்து, அதில் வண்ணம் தெரியுமாறு செய்திருக்கிறார்கள். பத்து நிமிட வேலையில் இது சில நொடிதான். அந்தச் சில நொடி தவறினால் என்ன ஆகும் என்பதைத் தரையில் மண்டியிட்டிருப்பவர் அறிவார்.

இவர்க்குக் கூலி பெரும்பாலும் மடிப்புக் கணக்கில். கோடையின் வார இறுதியில் பகல் முழுதும் நிமிர நேரமிராது. காற்று மிகுந்த நாளிலும் மழை நாளிலும் காசில்லை. மடிப்புக்குக் கூலி தரும் முறையில் விரைவுக்குத் தனிப் பரிசு உண்டு, கவனத்துக்குத் தனிப் பரிசில்லை. நெசவாளர்க்கும் அச்சுக் கோப்போர்க்கும் இந்தக் கணக்கு புதிதன்று. ஆனால் தறியில் அறுந்த இழையை முடிந்துகொள்ளலாம். அச்சில் விழுந்த பிழைக்குப் பிழைதிருத்தம் போடலாம். சட்டம் சொல்வது என்னவெனில், உரிமம் இல்லாதவர் மடிக்கலாம், ஆனால் உரிமம் பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில் மடிக்கவேண்டும். நெருக்கடியான நாளில் நான்கைந்து பேர் ஒருங்கே மண்டியிட்டு மடிக்கையில் ஒருவரின் பார்வை எத்தனை முடிச்சுகளின்மேல் விழமுடியும் என்பது நேர்மையாகக் கேட்கவேண்டிய கேள்வி. விதியின் சொல் அங்கே நிறைவாக இருக்கிறது. விதியின் பொருளைக் காப்பாற்றுவது பெரும்பாலும் மடிப்பவரின் தன்மானம்தான்.

அத்தன்மானமும் போதாதபோது என்ன வழி? ஒவ்வொரு பொதியிலும் இரண்டாவது குடை ஒன்று உண்டு. அதைச் சேமக் குடை எனலாம். முதற்குடை சிக்கிக்கொண்டால் குதிப்பவர் அதை அறுத்துவிட்டு இதை விரிக்கிறார். அறுத்துவிடும் வேலையை எளிதாக்கியது 1970களில் பில் பூத் கண்ட மூவளையப் பூட்டு. ஒன்றினும் ஒன்று சிறிதான மூன்று வளையங்கள், உடலின் பெரும் பாரத்தை ஒரு மெல்லிய கயிற்றுச் சுருக்கில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. கையே அசையாத நிலையில் சேமக் குடையைத் திறந்துவிடும் கருவியும் உண்டு. 1991இல் ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் கொண்டுவந்த 'சைப்ரெஸ்' அவ்வகையில் பரவலானது. தேர்ந்தவர்க்கான வகை, நிலத்திலிருந்து ஏறத்தாழ 750 அடி உயரத்திலும் ஒருவர் கடும் வேகத்தோடு வீழ்ந்துகொண்டிருப்பதைக் கண்டால் பொதியைக் கட்டிவைத்த சிறு கயிற்றைத் தானே வெட்டிவிடும்.

சேமக் குடையை யார்வேண்டுமானாலும் மடிக்கமுடியாது. அதற்கு உரிமம் பெற்ற 'ரிக்கர்' வேண்டும். பதினெட்டு வயது நிரம்பி, மேற்பார்வையில் குறைந்தது 20 குடைகளை மடித்துக் காட்டி, எழுத்திலும் வாய்மொழியிலும் செய்முறையிலும் தேறியவர்க்கே அவ்வுரிமம். மூன்றாண்டு அனுபவமும் இரு வகையில் வகைக்கு 100 மடிப்புகளும் உடையவர் தலைமை ரிக்கராகலாம். நன்கு உலர்த்திக் காற்றாட விடாத குடையை மடிக்கலாகாது என்று விதியே கூறுகிறது. அரசாங்கச் சட்டத்தில் ஒரு துணியைக் காற்றாட விடுமாறு எழுதியிருப்பது கவிஞர் செவிக்கு இனிமையாகவே இருக்கும்.

ரிக்கரின் அறை அமைதியானது. கொட்டகையின் இரைச்சல் அங்கே எட்டுவதில்லை, எட்டினாலும் அவர் கேட்பதில்லை. ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்க்கிறார். வேலை தொடங்குமுன் கருவிகளை எண்ணுகிறார், முடிந்தபின் மறுபடி எண்ணுகிறார். ஒன்று குறைந்தால் பொதியை முழுதும் பிரிப்பார். இடுக்கியோ தற்காலிக ஊசியோ உள்ளே தங்கிவிட்டால் குடை திறவாது. சோதனையும் மடிப்பும் சேர்ந்து மணிக்கணக்கில் செல்லும். இறுதியில் பூட்டூசியைச் சிவப்பு நூலால் கட்டி, ஈயக்குண்டு வைத்து, தமக்கென அரசு ஒதுக்கிய குறியை அதில் அழுத்துகிறார். பொதியின் சிறு பையில் ஓர் அட்டை. அதில் நாளும் இடமும் எழுதிக் கையொப்பமிடுகிறார். அவ்வொப்பம் 180 நாட்களுக்குச் செல்லும். 2008 இறுதிவரை அந்தக் கெடு 120 நாளாக இருந்தது. பட்டு முதலிய இயற்கை இழையாலான குடைக்கு விதி 60 நாளே தருகிறது.

பட்டு என்றதும் இத்தொழிலின் பழைய முகங்கள் சில நினைவுக்கு வரவேண்டும். ஜெர்மனியில் கேத்தே பௌலுஸ் என்ற பெண்மணி தையற்கலை கற்றவர். பலூனிலிருந்து குதித்துக் காட்டிப் புகழ்பெற்றவர். குடையைப் பொதியாக மடித்து வைக்கும் முறைக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர். முதல் உலகப் போரில் அவர் கைவழியே ஏறத்தாழ 7000 குடைகள் உருவாயின. அவற்றால் உயிர் பிழைத்தவர் பலர்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு நின்றுபோனபோது அமெரிக்கர் நைலானுக்குத் திரும்பினர். அந்தப் புதுத் துணி மனிதப் பாரத்தைத் தாங்குமா? 1942 ஜூன் மாதம் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் அதை முதலில் அணிந்து குதித்தவர் அடலின் கிரே என்னும் இளம்பெண். அவர் படைவீரர் அல்லர். குடை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த ரிக்கர். மடிப்பவரே ஏறிக் குதித்துப் பார்த்தார். அதே போர்க்காலத்தில் நியூஜெர்சியின் லேக்ஹர்ஸ்டில் கடற்படை ரிக்கர் பயிற்சி பெற்றவர்கள் தம் கையால் மடித்த குடையோடு தாமே குதித்தால்தான் தேர்ச்சி பெற்றனர். தேர்வாளர் யாரும் மதிப்பெண் இடவேண்டிய தேவையில்லாத தேர்வு அது.

அந்தக் கைகளின் கணக்கைக் காட்டும் எண்களும் உண்டு. அமெரிக்காவில் 1970களில் ஆண்டுதோறும் சராசரியாக 40 பேருக்கு மேல் இவ்விளையாட்டில் மாண்டனர். 2023இல் அந்நாட்டின் பாராசூட் சங்கம் கணக்கிட்டது ஏறத்தாழ 36 லட்சம் குதிப்புகள். இறந்தவர் 10 பேர். அண்மைக்கால மரணங்களில் பெரும்பகுதி, குடை சரியாக விரிந்தபின் தரையருகே வேகமாகத் திருப்பி விளையாடுவதாலும் இறங்கும்போது செய்யும் பிழைகளாலும் நேர்பவை. அதாவது மடித்தவர் தம் வேலையைச் செய்துவிட்டார். எண்ணிக்கை குறைந்ததற்குக் கருவிகளும் பயிற்சியும் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள், அது உண்மைதான். கருவியை அட்டைக் கணக்கோடு, நாள் தவறாமல் பார்த்து வைப்பவர் இன்றி அக்கருவி எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1922இல் தோன்றிய 'கம்பளிப்புழுச் சங்கம்' பழுதுற்ற விமானத்திலிருந்து குடையால் தப்பியவர்க்குப் பொன்னாலான புழுச்சின்னம் வழங்கியது. பட்டு நூற்கும் புழுவுக்கு நன்றியாக அப்பெயர். புழுவுக்கு நன்றி கூறியாயிற்று. நடுவில் மடித்தவர்க்கு என்ன என்ற கேள்விக்குக் குதிதளங்களில் வேறொரு மரபு விடை தருகிறது. சேமக் குடையால் பிழைத்து இறங்கியவர், அட்டையில் கையொப்பமிட்ட ரிக்கரைத் தேடிச் சென்று ஒரு மதுப்புட்டியைக் கொடுக்கவேண்டும். விதிப்புத்தகம் எதிலும் இல்லாத விதி இது. அப்போதுதான் பலர் அந்த அட்டையை முதன்முறையாக எடுத்துப் படிக்கிறார்கள்.

ஆனால் புட்டி பெறும் மடிப்புகள் மிகச் சில. ரிக்கர் மணிக்கணக்கில் குனிந்து அடுக்கிய சேமக் குடைகளில் பெரும்பாலானவை வானத்தைக் காண்பதேயில்லை. அவை முதுகில் ஏறிப் பலமுறை மேலே போகின்றன. மடித்தது மடித்தபடியே இறங்கி வருகின்றன. கெடு முடிந்ததும் பொதி மறுபடி அதே மேசைக்கு வருகிறது. நூலை அறுத்துக் குடையைத் திறந்து பார்ப்பவர் வேறொரு ரிக்கராக இருக்கலாம். பல வேளைகளில் மடித்தவரேதான். 180 நாளைக்கு முன் தாம் இட்ட ஒவ்வொரு மடிப்பையும் அவர் ஒருமுறை பார்க்கிறார். பிறகு துணியை உதறித் தொங்கவிட்டு, காற்றாடும்வரை காத்திருந்து, கருவிகளை எண்ணி வைத்துக்கொண்டு, முதல் மடிப்பைத் தொடங்குகிறார். அட்டையில் அடுத்த வரியில் புதிய நாள் ஏறுகிறது.